தொட்டியின் உள்வரி

இப்போதெல்லாம் மனுஷன் செத்தால் போனில் ஒரு பூப்படம் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். மீன் செத்தால் மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கிறார்கள். என் அக்கா போன வருஷம் போய்ச் சேர்ந்தபோது அவள் பேரன் வாசலில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். அதே பையன் தன் நாய்க்கு வயிறு சரியில்லை என்று வேலைக்கு லீவு போட்டான். கேட்டால், உங்களுக்குப் புரியாது தாத்தா என்கிறான். புரியாமல் என்ன? எனக்கு எல்லாம் புரிகிறது. அதுதான் தொல்லை.

எங்கள் கண்ணாடிக் கடையில் நடந்த மீன் விவகாரமும் அப்படிப்பட்டதுதான்.

கடை என்னுடையதில்லை. நான் டெம்போ ஓட்டுகிறவன். பத்தொன்பது வருஷமாகக் கண்ணாடி ஏற்றிப் போய் இறக்குகிறேன். வண்டியின் பின்னால் நடுவில் சாய்வாக ஒரு மரச்சட்டம் இருக்கும். கண்ணாடியை அதில் நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். படுக்கப் போட்டால் முதல் குழியிலேயே உடைந்துவிடும். காற்று அடிக்கிற நாளில் பெரிய பலகையை இரண்டு பேர் தூக்கினால் அது நம்மைத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்கும். என் இடது கையில் ஏழு தையல் இருக்கிறது. வலது கண்ணில் பாதி தெரியாது. அது கண்ணாடியால் வந்ததில்லை, வயசால் வந்தது.

முதலாளிக்கு என்னைவிட இருபது வயது குறைவு. என்னை அண்ணே என்பார், நான் தம்பி என்பேன். கண்ணாடி வெட்டுவதில் அவரைப்போல் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. வைரத்தால் ஒரு கோடு இழுப்பார், அடியில் ஒரு தட்டு தட்டுவார், ரொட்டியைப் பிய்க்கிற மாதிரி அது இரண்டாகும். அவர் மனைவி அந்த ஓரங்களைக் கல்லில் தேய்ப்பாள். நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்த்து அவள் விரல் நுனியில் ரேகையே இல்லை. கைரேகை வைக்கிற மிஷினெல்லாம் அவளை யாரென்று கேட்கும். கீழே கடை, மேலே வீடு. ஒரே பிள்ளை. பதினாறு வயசு.

அவனை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து கண்ணாடிக் கணக்கைக் கேட்டு வளர்ந்ததில் எதையும் மில்லிமீட்டர் கணக்கில், மில்லியில்தான் சொல்வான். "சட்டை நாலு மில்லி குட்டையாயிடுச்சும்மா" என்பான். சாயங்காலம் குடோனுக்குப் பின்னால் இருக்கிற பொட்டலில் பந்தாட்டம். கூட இரண்டு பேர். ஒருவன் நெட்டை, கடைக் கதவில் குனியாமல் நுழைய முடியாது. இன்னொருவன் மைக். அவன் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும். ஆட்டம் முடிந்து மூன்று பேரும் வேர்வை நாற்றத்தோடு கடைக்கு வந்து, வெட்டி மிச்சமான துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி மீன்தொட்டி செய்துகொண்டிருப்பார்கள். மில்லிக்கு அதில்தான் பைத்தியம். மூன்று சின்னத் தொட்டி செய்து மூன்றையும் காலியாகவே வைத்திருந்தான். மீன் வாங்கி விடக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். "உன்னைக் கழுவறதே பெரிய வேலை. மீனுக்கு வேற நான் தண்ணி மாத்தணுமா?"

அந்தப் பெண் வந்த நாள் நல்ல புழுக்கம். வானம் மூன்று நாளாக மூடிக்கொண்டு ஒரு சொட்டும் விடவில்லை. மருந்துக்கடைக்காரர் மகள், இவன் வகுப்புத்தான். கையில் ஒரு உருண்டைக் கண்ணாடிக் குடுவை. கழுத்திலிருந்து அடிவரை கீறல்.

"இது ஒட்டுமா அங்கிள்?"

முதலாளி வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வளைஞ்ச கண்ணாடி ஒட்டாதும்மா. இன்னிக்கு ஒட்டும், நாளைக்கு விட்டுடும்."

பையன் உள்ளேயிருந்து வந்தான், பின்னாலேயே மைக். அவளைப் பார்த்ததும் கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான்.

"கிழவன் எங்கே இருக்கான் இப்போ?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "இங்கதான்டா நிக்கிறேன்" என்றேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, நீங்க இல்லீங்க. என் மீன். ஏழு வருஷமா வளர்க்கிறேன். கிழவன்னுதான் கூப்பிடுவேன். ஒரு கண்ணு வேற தெரியாது."

மைக் விழுந்து விழுந்து சிரித்தான். "பெரியப்பா, உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறதைச் சொல்லவே இல்லையே!"

"வாளியில விட்டிருக்கேன்" என்றாள் அவள் மில்லியைப் பார்த்து.

"எந்த கலர் வாளி?"

இதையெல்லாம் கேட்பானா ஒருத்தன்? மீன் இருக்கிற வாளி எந்த நிறமாக இருந்தால் இவனுக்கென்ன? அவள் யோசித்து, "நீலம்" என்றாள். இவன் ஏதோ பெரிய சங்கதி தெரிந்துகொண்ட மாதிரித் தலையாட்டினான். அன்றிலிருந்து இரண்டு வாரம் அவன் பந்தைத் தவறவிடும்போதெல்லாம் மைக் பொட்டலே அதிரக் கத்தினான்: "எந்த கலர் வாளி?"

நான் தொட்டி செய்து தருகிறேன் என்று மில்லி அவளிடம் சொல்லிவிட்டான். இரண்டடி நீளம், ஒரு அடி அகலம், பதினைந்து அங்குல உயரம். ஆறு மில்லிக் கண்ணாடி. முதலாளி தடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் பக்கத்துக் கடையையும் சேர்த்து எடுத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். அலமாரித் தட்டு, கதவு, முகப்பு எல்லாம் கண்ணாடி. அந்த வேலை நமக்கு வரும் என்று முதலாளி ஒரு மாதமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு தொட்டி போனால் போகட்டும் என்று நினைத்திருப்பார்.

பையன் கண்ணாடி வெட்டியதை நான் பார்த்தேன். அப்பன் கை அப்படியே வந்திருக்கிறது. பிசிறு இல்லை. ஓரத்தைத் தேய்க்க அம்மாவிடம் கொடுக்கவில்லை, தானே தேய்த்தான். மீன்தொட்டிக்கென்று இருக்கிற சிலிக்கான் பசையைத் தேடிப்போய் ஒரு ட்யூப் வாங்கி வந்தான். எங்கள் கடையில் இருப்பது குளியலறைக் கண்ணாடிக்குப் போடுகிறது. பசை பசைதானே, இதற்கெதற்குத் தனியாக என்று நான் கேட்டேன். "அதுல அப்படித்தான் எழுதியிருக்கு பெரியப்பா" என்றான். ஏன் என்று அவனுக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒட்டினார்கள். சாயங்காலம் அவள் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். பையன் காலையிலேயே தலைக்குக் குளித்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தான். பசை வேலைக்கு நல்ல சட்டை போடுகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

தொட்டி ஒட்டுவது இரண்டு தரம். முதலில் பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பசை வைத்து நிறுத்துவார்கள். அது பிடித்த பிறகு உள்பக்கம் மூலை முழுக்க இன்னொரு வரி இழுப்பார்கள். தண்ணீரைத் தாங்குகிறது அந்த உள்வரிதான். அதை ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். பசை பத்து நிமிஷத்தில் ஆடை கட்டிவிடும். ஆடை கட்டியதன்மேல் புதுப் பசை பிடிக்காது. நடுவில் நின்றால் நின்ற இடத்தில் கசியும்.

மைக்கை விட்டிருக்கக் கூடாது. "நான் ஒரு மூலை போடறேன்டா" என்று பசை பிதுக்குகிற கன்னை வாங்கி, பல் தேய்க்கிற பேஸ்ட் மாதிரிப் பிதுக்கிவிட்டான். பாதிப் பசை வழித்துக் காகிதத்தில் போனது. மீதியை வைத்து மில்லி இழுத்துக்கொண்டு வந்தான். நிமிர்ந்த மூலை நான்கும் முடிந்தது. அடிப்பக்கத்தில் மூன்று முடிந்தது. கடைசி நீளப் பக்கத்தில் நாலு அங்குலம் போனதும் ட்யூப் காற்றை விட்டது.

"முடிஞ்சு போச்சுடா" என்றான் நெட்டை.

பையன் முகம் வெளுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, வாங்கப் போனால் கடை திறந்திருக்காது. மேலே மாடிப்படியில் நின்ற முதலாளி, "கடையில இருக்கிற ட்யூப்பை எடுத்துப் போடேன்டா. திறந்தது ஒண்ணு பாதி கிடக்கு. அதுவும் காஞ்சு வீணாத்தான் போவுது" என்றார். அது அவர் வழக்கம். திறந்ததை முடிக்காமல் புதிது உடைக்க விடமாட்டார்.

நான்தான் தொட்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் அந்தப் பாதி ட்யூப் மாட்டின கன் இருந்தது. ஒரு கையால் எடுத்து நீட்டினேன்.

"இது வேற ட்யூப் பெரியப்பா" என்றான்.

"ரெண்டும் ஒரே நிறம், ஒரே புளிச்ச வாடை. ஒட்டத்தானே போவுது? ஆடை கட்டுதுடா, இழு!"

இழுத்தான். சும்மா சொல்லக் கூடாது, நூல் பிடித்த மாதிரி இருந்தது. எங்கே ஒரு பசை முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது.

சாயங்காலம் அவள் வந்தாள். தொட்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். விரலால் ஓரத்தைத் தடவி, "கூராவே இல்ல" என்றாள்.

"தேய்ச்சேன்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம்."

அவ்வளவுதான் பேச்சு. இதற்கு இரண்டு பேருக்கும் முகம் அப்படிச் சிவக்க என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை. மேலேயிருந்து முதலாளி மனைவி முட்டையும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண் இரண்டு வாய் தின்றாள். இவன் தின்னவே இல்லை. நெட்டைதான் எல்லாவற்றையும் காலி செய்தான்.

ஒரு வாரம் காய்ந்தது. டெம்போவில் நான் கொண்டுபோனேன். சட்டத்தில் வைக்கலாம் என்றால் பையன் கேட்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான். குழி வந்தால் என்னைப் பார்த்து முறைத்தான். ரோடு நானா போட்டேன்?

அவர்கள் வீட்டில் அவள் எல்லாம் தயாராக வைத்திருந்தாள். கூழாங்கல், இரண்டு நாள் பிடித்து வைத்த தண்ணீர். கிழவனை வாளியிலிருந்து வலையில் எடுத்து விட்டாள். ஆரஞ்சு நிறம், உள்ளங்கை நீளம், ஒரு கண்ணில் பால் படர்ந்த மாதிரி. ஏழு வருஷம் உருண்டைக் குடுவையில் சுற்றியே பழகினதால் அது இரண்டடித் தொட்டியிலும் ஒரு மூலையில் வட்டமாகவே சுற்றியது. பிறகு மெதுவாக நேராக நீந்திப் பார்த்தது. அவள் கைதட்டினாள். மருந்துக்கடைக்காரரும் வந்து பார்த்தார். "உங்க பையனா செஞ்சான்? கை சுத்தமா இருக்கே. நம்ம கடை வேலையையும் நீங்களே எடுத்துக்கோங்க" என்று முதலாளிக்கு அங்கிருந்தே போன் போட்டார்.

அடுத்த நாலு நாள் அந்தப் பையன் தரையில் நடக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சீட்டி. பந்தாட்டத்தில் இரண்டு கோல் போட்டான் என்று மைக் ஊரைக் கூட்டினான். கண்ணாடியைப் பிடிடா என்றால் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே போனைப் பார்ப்பான். ஒருமுறை பலகை நழுவி என் பெருவிரல்மேல் இறங்கப் பார்த்தது. "கிழவன் இன்னிக்குக் கையில சாப்பிட்டானாம் பெரியப்பா" என்றான். என் விரல் போயிருந்தால் நானும் கையில் சாப்பிட்டிருக்க முடியாது.

ஐந்தாம் நாள் கிழவன் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. உடம்பெல்லாம் வழவழவென்று ஏதோ படர்ந்தது. அவள் பாதித் தண்ணீரை மாற்றினாள். மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் பக்கவாட்டில் மிதந்தது.

இது எல்லாம் பையன் சொல்லித் தெரியும். அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. நாங்கள் அலமாரித் தட்டுக்கு அளவெடுக்கப் போனபோது நானே பார்த்தேன், மருந்துக்கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. மில்லி பக்கத்தில் போய் நின்றான்.

"நான்தான் கொன்னுட்டேன்" என்றாள். "தண்ணி மாத்தினேன் பாரு, அது புதுத்தண்ணி. குளோரின் போக ரெண்டு நாள் வைக்கணும்னு எனக்குத் தெரியும். பயத்துல அப்படியே ஊத்திட்டேன். ஏழு வருஷம் காப்பாத்திட்டு..."

"நீ இல்ல" என்றான் இவன்.

"வேற யாரு?"

அவன் அளவு நாடாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

பதிலை நெட்டை கொண்டுவந்தான். மறுநாள் செவ்வாய்க்கிழமை, பள்ளி அரை நாள்தான். மத்தியானம் நாங்கள் கடைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோறும் பருப்பும். வெளியே வெயில் கண்ணாடிகளில் பட்டுக் கடை முழுக்கத் தகதகத்தது. நெட்டை தலையை நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே வந்தான். போனை மில்லியிடம் நீட்டினான். மில்லி படித்தான். தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்க் குப்பை டின்னைக் கவிழ்த்தான். காலி ட்யூப்புகளில் ஒன்றை எடுத்துத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"என்னடா?" என்றாள் அம்மா.

"இதுல பூஞ்சை பிடிக்காம இருக்க மருந்து கலந்திருக்கும்மா. பாத்ரூம்ல கறுக்காம இருக்கிறதுக்கு. அது தண்ணியில கசிஞ்சா மீனுக்கு விஷம். இங்க எழுதியிருக்கு."

முதலாளி வாங்கிப் பார்த்தார். "இந்தக் கொசு எழுத்தை எவன் படிக்கிறான்?"

என்னிடம் யாரும் நீட்டவில்லை. நீட்டினாலும் எனக்கு அந்த எழுத்து தெரியாது. வண்டி நம்பரும் தெருப்பெயரும் படித்தால் போதும் என்று இருந்துவிட்டவன் நான்.

"நான் போய் அவகிட்டச் சொல்லணும்" என்றான் பையன்.

"எதை?"

"நம்ம பசைதான் கொன்னுச்சுன்னு."

முதலாளி சோற்றைப் பிசைகிறதை நிறுத்தினார். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? வியாழக்கிழமை அவங்க கடையில கண்ணாடி மாட்டப் போறோம். நாங்க போட்ட பசை விஷம்னு இன்னிக்குப் போய்ச் சொல்லுவியா? மருந்து விக்கிற ஆளுடா அவரு. அவர் கடையில நாம பசை பூச விடுவாரா?"

"அவ தான்தான் கொன்னேன்னு அழுதுட்டிருக்காப்பா."

"ரெண்டு நாள் அழுவா. மூணாம் நாள் வேற மீன் வாங்குவா. அதுக்குள்ள வேலை முடிஞ்சிரும். அப்புறம் சொல்லு, யார் வேணாங்கிறா?"

"வேற மீன் வாங்கி அந்தத் தொட்டியிலதானே விடுவா?"

முதலாளி தட்டைத் தள்ளி வைத்தார். பதில் வராதபோது அவருக்குக் கோபம்தான் வரும். "வாயைத் திறந்தே, இனிமே கடைப்பக்கம் வராதே. துண்டுக் கண்ணாடி ஒண்ணு தொடக் கூடாது. பந்து அடிச்சுக்கிட்டே வாழ்ந்துக்கோ."

"பிள்ளையை மிரட்டாதீங்க" என்றாள் அவர் மனைவி. "அவன் உங்களை மாதிரிச் சுத்தி வளைக்கலை."

"ஆமா, நான் சுத்தி வளைச்சுத்தான் உங்க ரெண்டு பேருக்கும் சோறு போடறேன்."

"போடறது யாரு? காலையில அஞ்சு மணிக்கு எழுந்து யாரு போடறா?"

மைக்கும் வந்திருந்தான். அவன் வாயே திறக்கவில்லை. அவனுக்குப் பிதுக்கின ஞாபகம் வந்திருக்கும்.

பையன் என்னைப் பார்த்தான். "பெரியப்பா, நீங்க சொல்லுங்க."

நான் என்ன சொல்வது? நான் மனசில் இருந்ததைச் சொன்னேன். "சொன்னா அவ உன் மூஞ்சியில முழிக்க மாட்டா. சொல்லலைன்னா ஒண்ணும் ஆகாது. தொட்டி கசியுதுன்னு சொல்லித் திரும்ப வாங்கிட்டு வந்துரு. எந்த ஊர்லயும் எந்தப் பொண்ணும், உண்மையைச் சொன்னான்னு ஒருத்தனைக் கட்டிக்கிட்டது கிடையாது."

அவன் கை கழுவப் போனான். அந்தக் கன்னை யார் எடுத்துக் கொடுத்தது என்று அங்கே யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. அப்பன் அளவு சொன்னால் அம்மாவிடம் சொல்வார், அம்மா மகனிடம் சொல்வாள். "ஆயிரத்து இருநூறு மில்லியாம், உங்கப்பா சொல்றார்." மூன்று பேரும் ஒரே மேஜையைச் சுற்றி நிற்பார்கள். பையன் பொட்டலுக்குப் போகவில்லை. போனைத் திறப்பான், எழுதுவான், அழிப்பான். அந்த இரண்டு நாளும் அவளைப் பள்ளியில் பார்த்திருக்கிறான், சொல்ல வாய் வரவில்லை. சொல்ல மாட்டான், நான் நினைத்த மாதிரியே போகிறது என்றுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அவன் தானாக வந்து வண்டியில் ஏறினான். நல்ல காற்று. பதினாலு தட்டும் கதவுப் பலகை இரண்டும். பெரிய பலகையை நானும் முதலாளியும் இறக்கினோம். காற்று அதைப் பாய்மரம் மாதிரித் தள்ளியது. பையன் ஓடிவந்து நடுவில் தோள் கொடுத்தான். கதவை நிறுத்தி, ஆப்பு வைத்து, மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவள் உள்ளேயிருந்து தண்ணீர்ச் செம்போடு வந்தாள்.

"மீன் நீ கொல்லலை" என்றான். வணக்கம் இல்லை, விசாரிப்பு இல்லை, எடுத்த எடுப்பில் அதுதான். "தொட்டியில கடைசி வரிக்குப் பசை தீர்ந்து போச்சு. பாத்ரூம் பசையைப் போட்டுட்டேன். அது மீனுக்கு ஆகாதாம். என் தப்பு."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "எப்போ தெரியும் உனக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"செவ்வாய்க்கிழமையே தெரியும்." அவள் குரல் உயரவே இல்லை. "நேத்து கிளாஸ்ல நான் அழுதப்போ உனக்குத் தெரியும். கைக்குட்டை கொடுத்தியே, அப்போ தெரியும்."

"ஆமா."

"நான் என்னைக் கொலைகாரின்னு நினைச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் தூங்கலை. நீ பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்திருக்கே."

உள்ளே போய்விட்டாள். செம்பு அங்கேயே இருந்தது. யாரும் குடிக்கவில்லை.

முதலாளி மருந்துக்கடைக்காரரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த மனுஷன் கையை வீசினார். "அட, மீன்தானே! அது ஏழு வருஷம் இருந்ததே பெரிசு. அந்த மேல் தட்டு கொஞ்சம் சாயற மாதிரி இருக்கே, பாருங்க."

வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு தட்டுகூடக் குறையவில்லை. அப்பன் பயந்ததெல்லாம் வீண். பிள்ளை இழந்தது மட்டும் மிச்சம். திரும்பி வரும்போது வண்டியில் மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். "சொன்னேனே" என்றேன். யாரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஒரு வாரம் போனது. பையன் அனுப்பினதற்கு அவள் ஒரு எழுத்தும் பதில் போடவில்லை. வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்துவிட்டாளாம். மைக் அவளிடம் போய், பிதுக்கினது நான்தான் என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். "நீயும் போ" என்றாளாம். பையன் பொட்டலுக்குப் போனான், கோல்கம்பத்தில் சாய்ந்துகொண்டு நின்றான், பந்து காலடியில் போனாலும் தொடவில்லை. வீட்டில் வைத்ததைத் தின்றான். கேட்டால் நாலு மில்லி, அஞ்சு மில்லி என்று கண்ணாடிக் கணக்கு மட்டும் பேசினான். "இப்படி இருக்கிறதுக்கு நாலு அறை கொடுத்து அழவிடலாம்" என்றாள் அவன் அம்மா.

சனிக்கிழமை பத்து மணி இருக்கும். ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இறக்கித் தரச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. தானே கட்டிப் பிடித்துத் தூக்கிவந்து வெட்டுமேஜையில் வைத்தாள். காலியான தொட்டி, கூழாங்கல்கூட இல்லை.

பையன் எழுந்தான். முதலாளி வைரத்தைக் கீழே வைத்தார்.

"பிளேடு இருக்கா?" என்றாள்.

அவன் எடுத்துக் கொடுத்தான்.

"எந்த வரி?"

அவன் விரலை வைத்துக் காட்டினான். நீளப்பக்கம், நாலு அங்குலம் தள்ளி.

"இங்கேருந்து மட்டும்தானா?"

"அந்தப் பசை மத்த வரியோட ஒட்டினதால எல்லாத்தையும் எடுத்துடறது நல்லது. சுத்தமா எடுத்துட்டுத் திரும்பப் போடணும்."

"எத்தனை நாள் ஆகும்?"

"எடுக்கறதுக்கே ரெண்டு நாள். சுரண்டச் சுரண்ட வரும்."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிளேடை மூலையில் வைத்துச் சுரண்டினாள். அவள் பிடித்த விதத்தில் விரல் போயிருக்கும். முதலாளி மனைவி ஈரக்கையோடு வந்து பிளேடின் மறுபக்கத்தில் டேப் சுற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பையன் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இன்னொரு பிளேடால் தொடங்கினான். பசை நூல் நூலாகச் சுருண்டு வந்து மேஜையில் விழுந்தது.

நான் வாசலில் வண்டிச் சட்டத்துக்குக் கம்பளி கட்டிக்கொண்டிருந்தேன். கண் பாதி தெரியாவிட்டாலும் காது எனக்கு நன்றாகக் கேட்கும்.

வெகு நேரம் கழித்து அவள் கேட்டாள். "நல்ல பசை வேணும்னு தேடிப்போய் வாங்கினவன்தானே நீ. இதைப் போடலாம்னு யார் சொன்னா?"

சுரண்டுகிற சத்தம் ஒரு பக்கம் நின்றது. முதலாளி அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். உள்ளே கல்லில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. நான் கம்பளியை முடிச்சுப் போட்ட இடத்திலேயே இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

"யாரும் இல்ல" என்றான் பையன். "நானேதான் எடுத்தேன்."

என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பன் பக்கமும் திரும்பவில்லை.

"அப்போ நீயே ஒழுங்கா எடு. இங்க இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு" என்றாள் அவள்.

அவன் எழுந்து அவள் பக்கம் போய்க் குனிந்தான். அது கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியவில்லை. முதலாளி மனைவி உள்ளேயிருந்து எட்டி அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது.

"அண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லப் போறதில்லையா?"

"என்ன சொல்லணும்? ஏழு நாள் தண்ணி நின்னுச்சு. ஒரு சொட்டு கசிஞ்சுதா? கேட்டுப் பாரு."

அவள் ஈரக்கையை உதறிவிட்டு உள்ளே போனாள்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. உண்மையைச் சொல்லியே தீருவேன் என்று வீட்டை இரண்டாக்கினவன், அப்பனை எதிர்த்தவன், இருந்த ஒரு பெண்ணையும் போகவிட்டவன், அவள் மறுபடி வந்து உட்கார்ந்து நேருக்கு நேர் கேட்டபோது கூசாமல் ஒரு பொய் சொல்கிறான். என்னைக் காப்பாற்றச் சொல்லி நான் கேட்டேனா? என் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன போயிருக்கும் எனக்கு? இந்த வயசில் ஒரு சின்னப்பெண் என்னை முறைத்தால் முறைத்துவிட்டுப் போகிறாள். உண்மை என்றால் முழுசாக இருக்க வேண்டும். வேண்டிய இடத்தில் வெட்டி வேண்டாத இடத்தில் ஒட்டுவதற்கு அது என்ன கண்ணாடியா?

வண்டிச் சாவியைக் கதவோரத்து ஆணியில் மாட்டினேன். "எங்கண்ணே, லோடு இருக்கே?" என்றார் முதலாளி. "காத்து அடங்கட்டும்" என்றேன். காற்று அன்றைக்கு அடிக்கவே இல்லை. பின்னால் இரண்டு பிளேடும் சுரண்டுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.